ஹப்பிள் ஆடியின் பிழை தரையிலேயே ஏன் பிடிபடவில்லை?

வான்நோக்கி:
ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் முதன்மை ஆடி தவறான வடிவத்தில் தேய்க்கப்பட்டது தெரியும். அத்தனை சோதனைகளையும் தாண்டி 1990 ஏப்ரலில் எப்படி மேலே போனது? எந்தப் பாகத்தில் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

ஒளிக்கதிர்:
தேய்ப்பில் குறையே கிடையாது, அளந்த கருவியில்தான் கோளாறு. பெர்கின்-எல்மர் நிறுவனம் ஆடியின் வடிவத்தை 'நல் கரெக்டர்' (ஆடியின் வளைவு சரியா என்று ஒளியைக் கொண்டு சோதிக்கும் கருவி) வழியாகத்தான் சரிபார்த்தது. அதில் இரண்டு சிறு ஆடிகள், ஒரு வில்லை (லென்ஸ்). வில்லையின் இடத்தைக் குறிக்க, வெப்பத்தில் நீளம் அதிகம் மாறாத இன்வார் உலோகத்தில் ஒரு கம்பி; அதன் நுனியை லேசரால் அளந்தார்கள். லேசர் கம்பி நுனியின் நடுவில் மட்டும் படவேண்டும் என்பதற்காக நுனியில் துளையிட்ட மூடி போட்டு, ஒளியைத் திருப்பாத பூச்சு அடித்திருந்தார்கள். துளையோரத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது. லேசர் அந்த இடத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. மூடியின் மேற்பரப்பு கம்பி நுனியைவிட 1.3 மி.மீ. உயரம், வில்லையும் அதே அளவு தள்ளிப்போனது.

மனம் ஆறாத இடம் இனிமேல்தான். திருகிப் பார்த்தும் வில்லை 'சரியான' இடத்துக்கு வரவில்லை. அங்கேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாஷர்களைச் செருகி வில்லையை இறக்கினார்கள்.

பட்டகம்:
விளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் தட்டையாகிப்போனது, அதாவது பச்சை ஒளியின் நான்கு அலைநீளம். விண்மீன் ஒளியில் 70 சதவீதம் 0.1 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600-ல் ஒரு பங்கு) ஆரத்துக்குள் குவிய வேண்டியது, 10 முதல் 15 சதவீதம்தான் குவிந்தது. மீதி மங்கலான வட்டமாகச் சிதறியது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. வில்லைகளால் ஆன இன்னொரு நல் கரெக்டரும், முதல் கருவியையே சோதிக்கும் மூன்றாவது சாதனமும் பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள். துல்லியம் குறைவுதான்; ஆனால் இவ்வளவு பெரிய பிழையைக் காட்ட அது தாராளமாகப் போதும்.

வான்நோக்கி:
நன்றி. பிழையின் அளவு தெரியும் என்றால் படத்தைக் கணினியிலேயே திருத்தியிருக்கலாமே?

ஒளிக்கதிர்:
பிரகாசமான பொருள்களுக்குச் செய்தார்கள், நன்றாகவே வந்தது. மங்கலான விண்மீன் மண்டலங்களுக்கு அது உதவாது. பரவிய ஒளியோடு இரைச்சலும் கலந்துவிடும். படத்தைக் கூர்மையாக்கினால் இரைச்சலும் சேர்ந்து கூர்மையாகும்.

பட்டகம்:
சரியான துல்லியத்தில் தவறான வடிவம் என்பதால்தான் திருத்தமும் சாத்தியமாயிற்று. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் போனவர்கள் ஐந்து விண்நடைகளில் வேலையை முடித்தார்கள். புதிய கேமராவான டபிள்யூஎஃப்பிசி-2க்குள் இருந்த சிறு ஆடிகளிலேயே எதிர்ப்பிழை தேய்க்கப்பட்டிருந்தது. இதில் ஒரு சிக்கல்: முதன்மை ஆடியின் பிம்பம் அந்தச் சிறு ஆடியின் நடுவில் விழாமல் கொஞ்சம் நகர்ந்தாலும் கோமா என்ற ஒளிப்பிழை வந்துவிடும், படத்தில் விண்மீனுக்கு வால் முளைக்கும். அதனால் சில ஆடிகளைத் தரையிலிருந்தே சாய்த்துச் சரிசெய்யும்படி அமைத்தார்கள்.

தொலைநோக்கியின் மற்ற மூன்று கருவிகளுக்கு காஸ்டார் என்ற திருத்தச் சாதனம். நாணய அளவு ஆடிகள் பத்தை, இரண்டிரண்டாக அவற்றின் முன்னால் நீட்டியது. அதற்கு இடம்விட, ஹப்பிளில் இருந்த இன்னொரு கருவியான அதிவேக ஒளிமானியைக் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு வந்த கருவிகள் திருத்தத்தோடே செய்யப்பட்டதால், 2009-ல் காஸ்டாரைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.