குடும்பக் குழு: கிரெடிட் கார்டு பாக்கி

தம்பி: வேலை போய்விட்டது. இதுவரை அத்தைக்கு மட்டும்தான் தெரியும். கார்டு பில்லுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். முழுசாகக் கட்ட முடியாது. கார்டு கம்பெனியிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா?

சித்தப்பா: சொல்லாதேடா. லிமிட்டைக் குறைப்பார்கள், கார்டையே முடக்கினாலும் முடக்குவார்கள். பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை, அந்த மினிமத்தை மட்டும் கட்டிக்கொண்டு வா, அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும்.

அக்கா: லிமிட் குறையலாம் சித்தப்பா, அது உண்மைதான். ஆனால் சம்பளம் இல்லாத நேரத்தில் லிமிட் இருந்தால் கடன்தானே ஏறும்? மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மிச்சத்துக்கு வட்டி ஓடும். புதிதாக வாங்குவதற்கும் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

தம்பி: கார்டிலேயே ரொக்கம் எடுத்து சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா: வேண்டவே வேண்டாம். ரொக்கத்துக்கு எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும், கட்டணமும் தனி.

அத்தை: அவனே நொந்து போயிருக்கிறான். மெதுவாகச் சொல்லும்மா.

அக்கா: சரி அத்தை. தம்பி, பயப்படாதே. 20ஆம் தேதிக்கு முன்னால் பேசிவிடு, அதுதான் முக்கியம். நான் வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்தபோது, கெடு தாண்டுவதற்கு முன் கூப்பிட்டவர்களுக்கு ஏதாவது வழி செய்ய முடிந்தது. மாதக்கணக்கில் போன் எடுக்காதவர்களின் கணக்கு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அப்புறம் எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

தம்பி: என்ன சொல்லிக் கேட்பது? கூச்சமாக இருக்கிறது.

அக்கா: கணக்கை மட்டும் சொல். தாளில் எழுதி வைத்துக்கொள்: வேலை எந்தத் தேதியோடு நின்றது, கையில் எவ்வளவு இருக்கிறது, வாடகையும் சாப்பாடும் போக மாதம் எவ்வளவு கட்ட முடியும். பாக்கியைத் தவணையாக மாற்ற முடியுமா, வட்டி குறையுமா என்று நீயே கேள். அவர்கள் பெரிய தொகை சொன்னால் தலையாட்டிவிடாதே, ஒப்புக்கொண்ட தவணை தவறினால் ஏற்பாடே ரத்தாகலாம். கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கே கூப்பிடு. பில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் அதையும் பார். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் அதற்கு வேறு அபராதம்.

சித்தப்பா: செட்டில்மென்ட் என்று பாதி கட்டினால் விட்டுவிடுவார்களாமே?

அக்கா: அது கடைசி வழி சித்தப்பா. முழுசாக அடைத்ததாகப் பதிவாகாது. பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும்.

அத்தை: இவன் கணக்கிலேயே அவன் மனைவிக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் கார்டு, அந்த ஆட்-ஆன் கார்டை என்ன செய்வது?

அக்கா: அதில் செலவழித்தாலும் கட்ட வேண்டியவன் இவன்தான் அத்தை. இப்போதைக்கு உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள்.

*மறுநாள்*

தம்பி: பேசிவிட்டேன். கார்டை நிறுத்தி வைத்து, பாக்கியை 12 தவணையாக மாற்றித் தருகிறார்களாம். வட்டியும் குறைவு.

சித்தப்பா: பரவாயில்லையே! நல்லதுடா.

அக்கா: மின்னஞ்சல் வந்ததா? வட்டி எவ்வளவு, ப்ராசஸிங் கட்டணம் உண்டா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உன் கோரிக்கைக்குக் கொடுத்த எண்ணையும் குறித்து வை.

தம்பி: வந்திருக்கிறது அக்கா. இங்கேயே போடட்டுமா?

அக்கா: எனக்குத் தனியாக அனுப்பு. படித்துப் பார்த்துச் சொல்கிறேன், அதற்கப்புறம் சம்மதம் கொடு.