நம்ம குடும்பம்: குட்டியை மாகாணப் போட்டிக்கு விடுவோமா

சின்னம்மா: வலயப் போட்டி முப்பாய்ச்சலில் நம்ம குட்டி முதலாமிடம்! படத்தைப் பாருங்கள், முகமெல்லாம் மணல்.

பெரிய மாமா: வாழ்த்துகள் மகள். அம்மம்மாவிடம் காட்டினேன், கண் கலங்கிவிட்டார்.

கல்முனை மாமி: கெட்டிக்காரி. வரும்போது மாமியிடம் பரிசு இருக்கு.

அம்மா: சந்தோஷம்தான். ஆனால் மாகாணப் போட்டி என்றால் இரண்டு நாள் வெளியில் தங்க வேண்டுமாம். இவர் யோசிக்கிறார்.

அப்பா: யோசிக்க என்ன இருக்கு? வலயத்தில் வென்றது போதும். அடுத்த வருடம் ஓஎல் பரீட்சை. கணித கிளாஸை விட்டுவிட்டு ஒலிம்பிக்குக்கா போகப் போகிறாள்? 2024இல் பரிஸ் ஒலிம்பிக்குக்கு நம்ம நாடே 6 பேரைத்தான் அனுப்பியது, ஒரு பதக்கமும் இல்லை. சின்ன நாடு, அதிலும் நாம் இருப்பது மட்டக்களப்பில்.

சின்னம்மா: அத்தான், சின்ன நாடு என்று சொல்லாதீர்கள். அதே பரிஸ் ஒலிம்பிக்கில் இவள் பாயும் அதே முப்பாய்ச்சலில் தங்கம் எடுத்தது யார் தெரியுமா? டொமினிக்கா.

கல்முனை மாமி: டொமினிக்கன் குடியரசா?

சின்னம்மா: அது வேறு நாடு மாமி. இது கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. சனம் 70 ஆயிரம் அளவில்தான். 2012 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தில் மட்டும் 5 லட்சத்து 26 ஆயிரம் பேர். டொமினிக்கா அனுப்பியது மொத்தம் 4 பேர். அதில் ஒருவர் தியா லாஃபொண்ட், 15.02 மீற்றர் பாய்ந்தார். அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் வந்த வழி. 2016 ரியோவில் தகுதிச் சுற்றோடு வெளியே. ரோக்கியோவில் இறுதிப் போட்டிக்கு வந்து 12ஆம் இடம். பரிஸில் தங்கம் எடுக்கும்போது வயது 30. நடுவில் 2017இல் மரியா சூறாவளி அந்தத் தீவின் வீடுகளை எல்லாம் பிய்த்துப் போட்டது.

பெரிய மாமா: நம்ம 78 சூறாவளி மாதிரி. கூரை இல்லாத வீட்டில் இருந்து ஆளாகினவர்கள் நாங்கள்.

அப்பா: நானும் தேடிப் பார்த்தேன் மச்சாள். அந்தப் பிள்ளை 5 வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அங்கே வளர்ந்தால் யாரும் பாய்வார்கள்.

சின்னம்மா: மெய்தான் அத்தான், அங்கேதான் வளர்ந்தார். அமெரிக்காவின் வீராங்கனைக்கு அந்தப் போட்டியில் கிடைத்தது வெண்கலம், அதையும் பாருங்கள். சரி, அவரை விடுங்கள். அதே நாள், ஆகஸ்ட் 3, பெண்கள் 100 மீற்றர். செயின்ட் லூசியாவின் ஜூலியன் அல்பிரட், மழைக்குள் 10.72 செக்கன். அமெரிக்காவின் ஷக்காரி ரிச்சட்சன் இரண்டாவது. செயின்ட் லூசியாவும் கரிபியன் தீவுதான், சனம் 1 லட்சத்து 80 ஆயிரம் அளவில். அவர்கள் அனுப்பியதும் 4 பேர், முதல் பதக்கமும் அன்றுதான். ஓட்டம் முடிந்து பத்திரிகையாளரிடம் அவர் சொன்னதை வாசியுங்கள்: சப்பாத்து இல்லாமல், பள்ளிக்கூடச் சீருடையோடு ஓடி வளர்ந்தவர். அங்கே 2009இல் ஒரு ஆஸ்பத்திரி தீப்பிடித்து எரிந்ததால், ஆஸ்பத்திரியையே விளையாட்டு அரங்குக்கு மாற்றி வருடக்கணக்காக நடத்தினார்கள். நோயாளிகள் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் எங்கே ஓடுவது? நம்ம மைதானத்தில் மாரிக்கு மணல்குழிக்குள் தண்ணி நிற்கிறது என்று நானும்தான் புலம்புகிறேன்.

அம்மா: அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன்?

சின்னம்மா: 12 வயதில் தகப்பன் இறந்துவிட்டார் அக்கா. ஓட்டத்தையே விட்டவள். பயிற்சியாளர்தான் பேசித் திரும்பக் கொண்டுவந்தார்.

அப்பா: அவளும் வெளிநாடு போய்த்தானே படித்தாள்?

சின்னம்மா: ஓம் அத்தான். 14 வயதில் யமேக்காவுக்குத் தனியாகப் போனாள். தாய் விட்டார். நான் உங்களிடம் கேட்பது இரண்டு நாள்.

பெரிய மாமா: மச்சான், நம்ம நாட்டுக்கு ஒலிம்பிக்கில் இதுவரை இரண்டே பதக்கம். 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திகா. நடுவில் 52 வருடம். சிட்னியில் சுசந்திகா 200 மீற்றர் ஓடியது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் வெண்கலம், ஊக்கமருந்து எடுத்ததற்காக முதலாமிடம் வந்த மரியன் ஜோன்ஸிடம் பதக்கத்தைப் பறித்த பிறகு அது வெள்ளியானது. அவரும் கிராமத்துப் பிள்ளைதான்.

கல்முனை மாமி: அதெல்லாம் சரி. பொம்பிளப் பிள்ளைகள் எங்கே தங்குவது? யார் பார்ப்பது? அண்ணாவுக்கு அந்தப் பயமும் இருக்கும், வாய் திறந்து சொல்லமாட்டார்.

சின்னம்மா: நல்ல கேள்வி மாமி. பள்ளிக்கூட விடுதியில் தங்கல். இரண்டு ரீச்சர்மார் பிள்ளைகளோடு அதே அறையில் படுப்பார்கள். ஒருவர் நான். இரவு 8 மணிக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குக் கோல் எடுக்கும்.

குட்டி: அப்பா, அந்த இரண்டு நாள் பாடத்தையும் தோழியிடம் வாங்கி எழுதிவிடுவேன். எனக்கு ஓடிவரும் அடி இன்னும் மிதித்துப் பாயும் பலகைக்குச் சரியாக வரவில்லை. வலயத்தில் இரண்டு பாய்ச்சல் அதனால் பிழையாகிவிட்டது. சரி வந்தால் இன்னும் தூரம் போவேன். எனக்கே தெரிகிறது.

அம்மா: இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாளா?

பெரிய மாமா: மச்சான்?

அப்பா: பெயர் எப்ப கொடுக்க வேண்டும்?

சின்னம்மா: வெள்ளிக்கிழமை அத்தான். பிறப்புச் சான்றிதழ் பிரதி ஒன்று, உங்கள் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் ஒன்று.

அப்பா: கணித சேரிடம் நானே கதைக்கிறேன். ஓஎல் முடியும்வரை கிளாஸ் ஒன்றும் விடக்கூடாது, இந்த இரண்டு நாளைத் தவிர. குட்டி, கேட்கிறதா?

குட்டி: ஓம் அப்பா!!!

அம்மா: பிரதி அலுமாரியில் இருக்கு. கடிதத்தை யாராவது மாதிரி எழுதி அனுப்புங்கள்.