கிறிஸ்துமஸ் கொண்டாடாத கிறிஸ்தவ வீடுகள்: உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

லிங்கராஜபுரம் அக்கா

போன டிசம்பரில் நடந்த ஒன்று இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், மூன்று தலைமுறையாகப் பெங்களூர்வாசிகள். சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தில்தான் எங்கள் வீட்டுத் திருமணங்கள் எல்லாம் நடந்தன. 24ஆம் தேதி மாலையில் கல்கலா, அச்சு முறுக்கு, கேக் மூன்றையும் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம். மேல்மாடிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்திருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கே அந்த வீட்டில் ஜெபமும் பாட்டும் கேட்கும், வாசலில் வசனப் பலகை தொங்கும். ஆகையால் மற்ற எல்லாருக்கும் முன்னால் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வாங்கப்போகிறாள் என்று நான் தட்டை நீட்டினேன். அவள் அந்தக் கைகளைக் கூப்பி, "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, நாங்க இந்தப் பண்டிகை வைக்கிறதில்ல" என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவன் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பமும் முகம் மலர வாங்கிக்கொண்ட பலகாரத்தை, நான் கும்பிடும் அதே இயேசுவைக் கும்பிடுகிற ஒருத்தி வேண்டாம் என்றதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

27ஆம் தேதி காலையில் அவளே கீழே இறங்கி வந்தாள். "அந்த முறுக்கு மீதி இருந்தா தாங்கக்கா, பையன் கேட்டுக்கிட்டே இருக்கான். இன்னைக்கு அது வெறும் முறுக்குதானே" என்றாள். டப்பாவில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இவர்கள் ஏன் கொண்டாடுவதில்லை என்பதை உள்ளே இருந்து அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கே.ஜி.எஃப். மகன்

அக்கா, அந்த மேல்மாடி வீடு போன்ற ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் லைன் வீடு. அப்பா சுரங்கத் தொழிலாளி. நாங்கள் பிரதரன் சபை. டிசம்பர் பிறந்தால் எங்கள் லைனில் வாசலுக்கு வாசல் மூங்கில் குச்சியில் ஸ்டார் கட்டுவார்கள். எங்கள் வாசல் மட்டும் இருட்டாக இருக்கும்.

எனக்கு மறக்காதது, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப்போகும் கீதபவனி வந்த ஓர் இரவு. எனக்கு அப்போது ஒன்பது வயது. மேளமும் பெட்ரோமாக்ஸ் விளக்குமாக முப்பது நாற்பது பேர் வந்தார்கள்; பாதிப் பேர் அப்பாவோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள். எங்கள் வீட்டருகே வந்ததும் அவர்களாகவே மேளத்தை நிறுத்திவிட்டார்கள். அப்பா படி இறங்கிப் போய், பாட வேண்டாம், ஆனால் தேநீர் குடிக்காமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மா அண்டாவில் போட்டு வைத்திருந்த தேநீரை அத்தனை பேரும் தெருவில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார்கள். டம்ளர்களைத் திரும்ப வாங்கும் வேலை என்னுடையது. பத்து வீடு தள்ளிப் போன பிறகு மேளம் மறுபடி தொடங்கிய சத்தம் இன்றும் காதில் கேட்கிறது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது, அப்பாவும் இப்போது இல்லை, நான் கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன். அவர்கள் மேளத்தை நிறுத்தியது எங்கள் மீதுள்ள மரியாதையாலா, வருத்தத்தாலா என்று அப்பாவிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.

காரணம் கேட்டீர்கள். அப்பா சொன்னது மிக எளிமையானது. நான்கு சுவிசேஷங்களில் எதிலும் இயேசு பிறந்த தேதி இல்லை. அதைக் கொண்டாடும்படி அவர் சொன்னதாகவும் இல்லை. தம்மை நினைவுகூரும்படி அவர் சொன்னது அப்பத்திலும் பாத்திரத்திலும்தான், அதுவும் தம்முடைய மரணத்தை. அதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பம் பிட்டுச் செய்கிறோம். அவர் கேட்காததைச் சேர்ப்பதற்கு நாம் யார் என்பார். அக்கா, அந்தப் பெண் உங்கள் தட்டை வெறுத்து அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். வாங்கிக்கொண்டால் தானும் கொண்டாடியதாகும் என்று பயந்திருப்பாள். பயம் தீர்ந்த நாளில் இறங்கி வந்திருக்கிறாள்.

ஆஸ்டின் டவுன் இளையவன்

நான் சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரோடு வேறொரு கூடுகைக்குப் போகத் தொடங்கிய பிறகு கிறிஸ்துமஸை விட்டுவிட்டேன். டிசம்பர் 25 ரோமர்களின் சூரிய தேவனுடைய நாள் என்று அங்கே கற்றேன். காட்டு மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பது புறஜாதிகளின் வழக்கம் என்று எரேமியா 10ஆம் அதிகாரம் சொல்வதையும் வாசித்தேன். அந்த வாரமே வீட்டுக்கு வந்து, அம்மா ஜோடித்து வைத்திருந்த மரத்தை எடுக்கச் சொன்னேன். அம்மா வாதாடவில்லை. சீரியல் விளக்கை மரத்திலிருந்து பிரித்து, சிக்கு விழாமல் இடது உள்ளங்கையிலும் முழங்கையிலும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். பிளக்கை எடுக்க மறந்திருந்ததால் கையில் சுற்றியபடியே விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. நான் போய் ஸ்விட்சை அணைத்தேன்.

என் கொள்கையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அல்சூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்

என் அனுபவம் சிறியது. கிறிஸ்துமஸ் கொண்டாடாத ஒரு பெந்தெகொஸ்தே போதகர் எங்கள் தெருவில் டிசம்பர் மாதத்தில் காலமானபோது, அவருடைய அடக்க ஆராதனைக்காக எங்கள் வீட்டு ஸ்டார் விளக்கை அணைத்து வைக்கலாமா என்று யோசித்துவிட்டு அணைக்காமல் இருந்துவிட்டேன். அது இன்றும் தவறாகவே படுகிறது.

ஆனால் ஆஸ்டின் டவுன் தம்பி எழுதியதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. எரேமியா 10ஐ நிறுத்தி வாசியுங்கள், தம்பி. வெட்டிய மரத்தைத் தச்சன் வாச்சியால் செதுக்குகிறான், பிறகு அது அசையாதபடி ஆணியடித்து நிறுத்துகிறார்கள், அது பேசாது, நடக்காது என்று தொடர்கிறது. அது செதுக்கிய விக்கிரகத்தைப் பற்றிய வாக்கு. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தீர்க்கதரிசி, பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் வீடுகளில் காணத் தொடங்கிய மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

சூரிய தேவன் விஷயமும் சொல்லப்படுகிற அளவுக்கு உறுதியானதல்ல. பேரரசன் அவுரேலியன் ரோமாபுரியில் சூரியனுக்குக் கோயில் எழுப்பியது 274இல் என்பது உண்மை. ஆனால் டிசம்பர் 25 சூரியனுடைய பிறந்தநாள் என்ற குறிப்பும், கிறிஸ்துவின் பிறந்தநாள் என்ற குறிப்பும் 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரே நாட்காட்டித் தொகுப்பில்தான் வருகின்றன. ஆகவே யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது அறிஞர்களிடையே இன்றும் தீராத வழக்கு. கர்ப்பந்தரித்த நாளாக மார்ச் 25ஐ வைத்து அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணியிருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஆம் தேதியில்தான் பிறப்பை நினைக்கிறது.

இதனால் கொண்டாடாதவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கே.ஜி.எஃப். சகோதரருடைய தந்தை சொன்ன காரணத்துக்கு எந்த நாட்காட்டியும் தேவையில்லை, அதற்கு நீண்ட வேரும் உண்டு. வேதம் கட்டளையிடாததை ஆராதனையில் சேர்க்கக் கூடாது என்று நம்பிய பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த காலத்தில், இங்கிலாந்துப் பாராளுமன்றமே 1647இல் கிறிஸ்துமஸை ஒழித்தது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகுதான் அது மீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடிப் பிடிபட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம். பிரஸ்பிட்டேரியன் என்ற சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றிய ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான். அந்த மேல்மாடிப் பெண்ணுக்கு இந்த வரலாறெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் கை கூப்பியது நேற்று முளைத்த பிடிவாதமும் அல்ல. உறுதியான காரணம் ஒன்று இருக்கும்போது, தளர்ந்த காரணத்தைச் சொல்லித் தாயின் மரத்தைக் கலைத்தது எனக்கு வேதனையாக இருக்கிறது, தம்பி.

லிங்கராஜபுரம் அக்கா

ஆசிரியர் ஐயா, தம்பியை விட்டுவிடுங்கள். அவர் தன் வலியைத்தான் எழுதினார். நான் கேட்டதற்கு கே.ஜி.எஃப். தம்பியின் பதிலே போதுமானதாக இருந்தது. "பயம் தீர்ந்த நாளில்" என்ற இடத்தில் அழுதுவிட்டேன்.

ஃபிரேசர் டவுன் டீச்சர்

என் வகுப்பில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று மற்ற சபைகள் பல ஏற்பதில்லை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை அவர்கள் நம்பாததே காரணம். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அவர்கள் 1926க்குப் பிறகு கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை, பிறந்தநாளும் கொண்டாடுவதில்லை. வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்களாக வருவது எகிப்து மன்னன் பார்வோனும் ஏரோது மன்னனும்தான், இரண்டு விருந்திலும் ஒரு கொலை நடந்தது என்று அந்தக் குழந்தையின் தகப்பனார் எனக்கு விளக்கினார்.

அது தெரியாமல் முன்பே குழந்தைக்குத் தேவதூதர் வேடம் கொடுத்துவிட்டேன். அட்டையில் வெட்டி, ஜிகினா ஒட்டிய இறக்கையை முதுகில் வைத்து அளவு பார்த்தபோது அவள் அசையாமல் நின்றாள். கட்டி முடித்த பிறகு, "மிஸ், இதைக் கழட்டிடலாமா? இன்னொருத்தருக்கு வேணும்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். ஏழு வயது. மறுக்கிறேன் என்று சொல்லாமல், இன்னொருத்திக்காகக் கேட்பது போலக் கேட்டாள். ஒத்திகை நடந்த இரண்டு வாரமும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாராவது ஒரு பிள்ளையை உட்கார வைத்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தேசிய கீதம் பாடாமல் மரியாதையோடு எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளத்து மூன்று பிள்ளைகளும் இவர்கள் கூட்டத்தார்தான். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி தீர்ப்பளித்தது. பாட்டில் சேராமல் நிற்பதும் ஒரு மனச்சாட்சியின் உரிமை என்று நான் ஒப்புக்கொள்வதற்கு அந்த இறக்கை வேண்டியிருந்தது.

கம்மனஹள்ளி பெரியவர்

என் மகளை இப்படிப்பட்ட சபையில்தான் கொடுத்திருக்கிறோம். தலை கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பட்டுச் சேலை, கடைப் பையோடு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

இங்கே எழுதியவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். லிங்கராஜபுரம் மகளே, மறுபடி டிசம்பர் வரும் வரை காத்திருக்காதே. இந்த மாதமே, எந்தப் பண்டிகையும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து, அச்சு முறுக்கு சுட்டு மேலே கொண்டுபோ. அன்று டப்பாவில் முறுக்கு இருந்தது என்ற உண்மையையும் சொல்லிவிடு. சொல்லாமல் கொடுத்தால் அந்த முள் உன்னிடமே தங்கிவிடும். குழந்தைக்குத் தனியாகக் கொடுக்காதே, தாயின் கையில் கொடு. அவள் மனச்சாட்சியைத் தாண்டிப் பிள்ளையைப் பிடிப்பது போல ஆகக் கூடாது.

பெண் கொடுக்க, எடுக்க இருப்பவர்கள் நிச்சயத்துக்கு முன்னால் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: ஸ்டார் கட்டுவார்களா, கட்டுகிற வீட்டுக்கு விருந்துக்கு வருவார்களா, நகை போடுவார்களா, தாலி உண்டா. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து நாங்கள் கேட்கவில்லை. கேட்காததால் முதல் வருடம் மகள் 25ஆம் தேதி தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. வாழ்த்துச் சொல்லிவிடுவோமோ என்று பயந்திருக்கிறாள். இப்போது 26ஆம் தேதி காலையில் வருகிறார்கள், பிரியாணி சாப்பிடுகிறார்கள், சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது.

ரோமர் 14ஆம் அதிகாரத்தை இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். நாளை விசேஷமாக எண்ணுகிறவனும் கர்த்தருக்காக எண்ணுகிறான், எண்ணாதவனும் கர்த்தருக்காக எண்ணாதிருக்கிறான் என்று பவுல் எழுதியிருக்கிறார். நான் அதை மாப்பிள்ளையிடம் அடித்துச் சொல்லத்தான் முதலில் எடுத்தேன். வாசிக்க வாசிக்க அது எனக்கும் எழுதியதாக இருந்தது. ஆஸ்டின் டவுன் மகனே, நீ உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேள். கொள்கைக்காக அல்ல, அவர்கள் வீட்டில் அவர்கள் மரத்தை எடுக்கச் சொன்னதற்காக.

ஆஸ்டின் டவுன் இளையவன்

ஆசிரியர் ஐயா சொன்ன பிறகு எரேமியா 10ஐ முழுவதும் வாசித்தேன். அது விக்கிரகத்தைப் பற்றியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் திரும்பிப் போகவில்லை. வருடம் முழுவதும் வேதப்புத்தகத்தைத் திறக்காமல், டிசம்பரில் கடன் வாங்கித் துணி எடுத்த எங்கள் வீட்டை எனக்குத் தெரியும். ஒரு நாளை விட்டால்தான் மற்ற நாள்களை நான் அவருக்குக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

பெரியவர் ஐயா, மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை. ஆனால் சென்ற கிறிஸ்துமஸில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி, விடியற்காலை ஆராதனைக்கு ஆட்டோ கிடைக்கவில்லை. நாலே முக்காலுக்கு என் அறைக் கதவைத் தட்டாமல் வெளியே சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்கள். நான் பைக்கை எடுத்தேன். கோவில் கேட் வரை கொண்டுபோய் இறக்கி, கையைப் பிடித்து மூன்று படி ஏற்றிவிட்டேன். உள்ளே வா என்று அவர்கள் கூப்பிடவில்லை. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே பாடத் தொடங்கினார்கள்; அத்தனை குரலிலும் அம்மாவின் குரல் எது என்று எனக்குத் தெரிந்தது. ஆராதனை முடிந்து அவர்கள் வரும் வரை அங்கேயே நின்றேன்.