உதவி தேவை: பெரியம்மாவுக்குக் கத்தி வாங்க வேண்டும், ஸோலிங்கனா ஜப்பானா?

ரைன்கரைத் தம்பி

வணக்கம். ஜெர்மனியில், டுசல்டார்ஃபில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் ஊருக்குப் போகிறேன், கும்பகோணம். பெரியம்மாவுக்கு நல்ல சமையலறைக் கத்தி வாங்கிக்கொண்டு போக ஆசை. இத்தனை காலமும் அரிவாள்மணைதான் அவருக்கு. இப்போது முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கிறது. அதனால் மேடையருகே நின்றுகொண்டு ஏதோ ஒரு மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டுகிறார். தக்காளியை நறுக்குகிறாரா நசுக்குகிறாரா என்று வீடியோ அழைப்பில் பார்த்தால் தெரியவில்லை.

கையில் 120 யூரோ இருக்கிறது. பார்த்து வைத்தவை மூன்று. மரக்கட்டையில் செருகிய பன்னிரண்டு உருப்படி கொண்ட செட் ஒன்று, 'ஜெர்மன் எஃகு' என்று போட்டிருக்கிறது. அடுத்தது, இம்மர்மன் தெருவில் உள்ள ஜப்பானியக் கடையில் பார்த்த 67 அடுக்கு டமாஸ்கஸ் கத்தி. அலை அலையாக இருக்கும் அந்த அழகில் மயங்கிவிட்டேன். மூன்றாவது, கத்திக்குப் பேர்போன பக்கத்து ஊர் ஸோலிங்கனில் செய்த 20 செ.மீ. சமையல்காரர் கத்தி. எதை எடுப்பது?

மொண்ணைக்கு எதிரி

செட்டை முதலில் தள்ளுங்கள் தம்பி. அந்த விலைக்குப் பன்னிரண்டு உருப்படி தருகிறார்கள் என்றால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு எஃகு, எவ்வளவு வேலை இருக்கும் என்று வகுத்துப் பாருங்கள். அதில் பாதி மாட்டிறைச்சி வறுவலை மேசையில் அறுப்பதற்கான கத்திகள். உங்கள் பெரியம்மா அவற்றை எதற்குத் தொடப்போகிறார்?

'ஜெர்மன் எஃகு' என்ற சொல்லுக்கு எந்தக் காவலும் கிடையாது. எங்கே செய்த கத்தியிலும் அச்சடிக்கலாம். 'ஸோலிங்கன்' என்ற பெயர் அப்படியல்ல. 1938 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கத்தியின் முக்கியமான வேலைகள் அந்த நகர வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் அலகில் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். டுசல்டார்ஃபில் இருந்துகொண்டு கட்டை செட் வாங்கினீர்கள் என்றால் உங்களை மன்னிக்க மாட்டேன். ரயில் ஏறினால் ஸோலிங்கன் வந்துவிடும்.

கப்பல் சமையல்காரர் (ஓய்வு)

வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அவர் வலக்கையா இடக்கையா? தேங்காய்ப் பத்தையை எதைக்கொண்டு எடுக்கிறார்? எதன்மேல் வைத்து நறுக்குகிறார்? கத்தி மழுங்கினால் யாரிடம் தீட்டக் கொடுப்பார்?

ரைன்கரைத் தம்பி

இடக்கை. தேங்காய் மூடியில் கத்தி முனையை விட்டு நெம்பித்தான் எடுப்பார், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். பலகை கிடையாது, கிரானைட் மேடையில் நேராகவே நறுக்குகிறார். தெருவில் சாணை பிடிப்பவர் வருவார்.

கப்பல் சமையல்காரர் (ஓய்வு)

அப்படியானால் அந்த 67 அடுக்கு வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

அந்தக் கத்திகளில் வெட்டுவது நடுவில் இருக்கும் ஒரே ஒரு எஃகுப் பட்டைதான், பெரும்பாலும் விஜி-10 என்ற ஜப்பானிய எஃகு. இருபுறமும் 33 அடுக்குகள் போர்வையாக ஒட்டியிருக்கின்றன. அலை வடிவத்துக்கும் கூர்மைக்கும் சம்பந்தமே இல்லை. மலிவான சிலவற்றில் அடுக்கே இல்லாமல் லேசரால் கோலம் போட்டும் விற்கிறார்கள்.

விஜி-10 மோசமான எஃகு என்று நான் சொல்லவில்லை. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60, 61 வரை வரும். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் கடினம் ஏற ஏற எஃகு நொறுங்கும் தன்மையும் ஏறும். அந்த முனையைத் தேங்காய் மூடிக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினால் போதும், நுனி மூடியிலேயே தங்கிவிடும். பரங்கிக்காயிலும் சேனைக்கிழங்கிலும் பாதி இறங்கிய கத்தியை நம் வீடுகளில் பக்கவாட்டில் திருகிப் பிளப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்தத் திருகலில் விளிம்பு பல்லுப் பல்லாக உதிரும்.

ஸோலிங்கன் கத்திகளில் பெரும்பாலும் வரும் எஃகின் பெயர் எக்ஸ்50சிஆர்எம்ஓவி15. சுமார் 0.5 சதவீதம் கரி (கார்பன்), 15 சதவீதம் குரோமியம். கடினம் 56 முதல் 58 வரை. விளிம்பு உடையாது, மடியும், மடிந்ததை நிமிர்த்திவிடலாம். அந்தச் சமையலறைக்கு இதுதான் பொருந்தும்.

மாயவரத்து மருமகள்

தாத்தா சொன்னது சரி, ஆனால் 20 செ.மீ. சமையல்காரர் கத்தி அவருக்கு ஒத்துவராது. அந்த அலகின் வயிறு வளைந்திருக்கும். முனையைப் பலகையில் ஊன்றி முன்னும் பின்னும் ஆட்டி வெட்டுவதற்கென்று அந்த வளைவு. அரிவாள்மணையில் பழகியவர்கள் காயைத் தள்ளி நறுக்குகிறவர்கள். என் மாமியாரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நின்று வெட்டத் தொடங்கியபோதும் கத்தியை ஆட்டவே இல்லை. பீன்ஸைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே, சற்று முன்னால், அவ்வளவுதான். அதற்கு விளிம்பு நேராக உள்ள சாந்தோக்கு என்ற ஜப்பானியக் கத்தி வடிவம் கைக்கு வசமாக வரும். 17 செ.மீ. போதும். ஸோலிங்கன்காரர்களே அதே மிருதுவான எஃகில் சாந்தோக்கு செய்கிறார்கள்.

இடக்கை என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானியக் கத்திகளில் சில ஒருபக்கம் மட்டும் தீட்டியவை, வலக்கைக்காரர்களுக்கென்று செய்தவை. இடக்கையால் வெட்டினால் காய்க்குள் கோணலாக ஓடும். பிடியிலும் ஒருபுறம் மேடு வைத்திருப்பார்கள். இருபக்கமும் சமமாகத் தீட்டிய அலகு, இருபுறமும் ஒன்றுபோன்ற பிடி என்று கேட்டு வாங்குங்கள்.

மொண்ணைக்கு எதிரி

மருமகள் சொன்ன சாந்தோக்குக்கு என் ஓட்டும். கடைக்குப் போனால் தாளை வெட்டிக் காட்டுவார்கள், அதில் மயங்காதீர்கள். புதுக் கத்தி எல்லாமே தாளை வெட்டும். குதிகால் பக்கமிருந்து, அதாவது விளிம்பு பிடியருகே முடியும் மூலையிலிருந்து, அலகின் குறுக்குவெட்டைப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலேயே தடித்திருந்தால் கேரட் வெட்டுப்படாது, பிளந்து தெறிக்கும். முதுகில் விரலை ஓட்டிப் பாருங்கள். மூலை கூராக இருந்தால் ஆள்காட்டி விரலில் காய்ப்பு காய்க்கும். பிடியும் அலகும் சேருமிடத்தில் சில கத்திகளுக்குத் தடித்த எஃகுக் கழுத்து குதிகால் வரை இறங்கியிருக்கும். பார்க்கக் கம்பீரம்தான். தீட்டத் தீட்ட அலகு தேயும், கழுத்து தேயாது. கடைசியில் குதிகாலருகே காய் அறுபடாமல் தொங்கும். கழுத்து பாதியோடு நிற்கும் வகையை எடுங்கள்.

குடந்தை வாசி

கத்தியை அன்பளிப்பாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்களே. அதுவும் பெரியம்மாவுக்கா?

மாயவரத்து மருமகள்

ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தால் ஆயிற்று, விற்ற கணக்கு. ஜெர்மானியர்களிடமும் இதே நம்பிக்கை இருக்கிறது, அவர்களும் சில்லறைக் காசு வாங்கிக்கொள்வார்கள். ஆகவே தம்பி இரண்டு ஊர்ச் சாஸ்திரப்படியும் தப்பித்தார்.

ரைன்கரைத் தம்பி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஸோலிங்கன் போய் வந்தேன். பாதிக் கழுத்து உள்ள 17 செ.மீ. சாந்தோக்கு தள்ளுபடியில் 79 யூரோவுக்குக் கிடைத்தது. மிச்சப் பணத்தில் காற்றாலை முத்திரை போட்ட சிறிய கத்தி ஒன்றும் பார்த்தேன், மரப்பிடி, தாள்போல் மெல்லிய அலகு. கரி எஃகிலும் இருக்கிறது, துருப்பிடிக்காத எஃகிலும் இருக்கிறது. கரி எஃகுதான் நல்ல கூர் என்கிறார் கடைக்காரர். எது?

கப்பல் சமையல்காரர் (ஓய்வு)

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் மாங்காய், எலுமிச்சை பட்டால் கரி எஃகு கறுக்கும். வாழைப்பூவில் கத்தியும் கறுக்கும், பூவும் கறுக்கும். வெட்டியதும் கழுவித் துடைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் ஒரே இரவில் துரு ஏறும். துருப்பிடிக்காததையே வாங்குங்கள். பூண்டு உரிக்கவும் கத்தரிக்காய்க் காம்பு நறுக்கவும் அது அருமையான கத்தி. தேங்காய்க்குப் பழைய மொண்ணைக் கத்தியே இருக்கட்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு செலவு உண்டு. கிரானைட்டின்மேல் வெட்டினால் எந்த ஊர்க் கத்தியும் ஒரு வாரம் தாங்காது. கண்ணாடிப் பலகை, இப்போது விற்கும் எவர்சில்வர் பலகை எல்லாம் அதே ரகம்தான். ஊரிலேயே ஒரு மரப்பலகை வாங்கி, அடியில் ஈரத்துணி விரித்துக் கொடுங்கள், நகராது. இரண்டாவது, நனைத்துத் தீட்டும் 1000 எண் நீர்க்கல் ஒன்று. சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்க அழுத்தினால் விளிம்பு சூடேறிப் பதம் போய்விடும். நீலம் பாய்ந்த இடம் பிறகு கூரே பிடிக்காது.

ரைன்கரைத் தம்பி

கல்லில் பெரியம்மா தீட்டுவாரா என்பது சந்தேகம்.

மாயவரத்து மருமகள்

வீட்டில் யாராவது ஒருவருக்கு நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். கல்லை நனைத்து, அலகைச் சுமார் 15 டிகிரி சாய்த்து, மறுபக்கம் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டும்வரை ஒருபக்கம். பிறகு திருப்பி அதேபோல். சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

கத்திகளைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். அட்டையில் சுற்றி, முனைக்கு மட்டும் இன்னொரு மடிப்பு வைத்து, செக்-இன் பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். கல்லையும் அதிலேயே போட்டுவிடலாம், எடை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.