வயிற்றுப்போக்கும் ஓஆர்எஸ்ஸும்: குடும்பக் குழுவில் ஒரு காலை

சுதா: அத்தை, ஒன்றரை வயதுக் குட்டிக்கு நேற்று இரவு முதல் தண்ணீராகப் போகிறது, இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் கரைசல் கொடுத்தும் போக்கு நிற்கவில்லை. தொடர்ந்து கொடுக்கலாமா? பாக்கெட் ஒரு லிட்டருக்கானது என்பதால், ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கலாமா?

பெரியம்மா: பல் முளைக்கும்போது இப்படித்தான் போகும், சுதா. ஒரு வேளை வயிற்றைக் காயப்போட்டால் தானாக நின்றுவிடும்.

மல்லிகா அத்தை: அண்ணி, தயவுசெய்து பட்டினி மட்டும் போட வேண்டாம். தாய்ப்பால், குழைந்த சோறு, இட்லி என வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பல் முளைப்பதால் இப்படித் தண்ணீராகப் போகாது.

சுதா, ஓஆர்எஸ் போக்கை நிறுத்தும் மருந்து அன்று. உடம்பிலிருந்து போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. வயிற்றுப்போக்கின்போதும் சிறுகுடல் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும், அவற்றோடு நீரும் உள்ளே போகும். ஆகவே நிற்கவில்லை என்று விட்டுவிடாதே. பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடு. கண்ணளவில் போட்டால் உப்பு கூடிவிடும். அது குழந்தைக்கு ஆபத்து. ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்கு.

சேகர் சித்தப்பா: அக்கா, மருந்துக் கடையில்தான் நிற்கிறேன். ஆரஞ்சுச் சுவையில் எலக்ட்ரோலைட் பானம் இருக்கிறது. குழந்தை விரும்பிக் குடிப்பான் என்கிறார்கள். வாங்கவா?

மல்லிகா அத்தை: வேண்டாம், சேகர். சர்க்கரை அதிகமான பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு இருக்கும் பாக்கெட்டையே கேள். அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓஆர்எஸ் என்று பெயர் போடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டிருக்கிறது. ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகே அது நடந்தது என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெரியம்மா: குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் உடனே தெம்பு வந்துவிடாதா, மல்லிகா?

மல்லிகா அத்தை: வாயால் குடிக்க முடிகிற குழந்தைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது, அண்ணி. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவ்னில் (Bangaon) அகதிகளிடையே காலரா பரவி, ஏற்றுவதற்கான பாட்டில்கள் தீர்ந்துபோயின. அப்போது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றைக் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைக் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. காலராவிலேயே அவ்வளவு பேரைக் காப்பாற்றிய நீரைத்தான் சுதா இப்போது கையில் வைத்திருக்கிறாள்.

சுதா: துத்தநாக மாத்திரையும் வேண்டுமா, அத்தை?

மல்லிகா அத்தை: அவசியம் வேண்டும். இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். போக்கு நின்றாலும் 14 நாள் முடிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண் உள்வாங்கினாலோ, குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடு.

சேகர் சித்தப்பா: பாக்கெட் நான்கு வாங்கிவிட்டேன். சுகாதார நிலையத்தில் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு அங்கே வருகிறேன், சுதா.