கொள்ளுப்பாட்டி கல்லறையைத் தேடிப் போனப்போ

தாத்தா கைக்குழந்தையா இருக்கும்போதே அவரோட அம்மா தவறிட்டாங்க. போட்டோ கூட கிடையாது. எந்த கிராமத்துல அடக்கம் பண்ணாங்கங்கிறது மட்டும் பெரிய அத்தைக்குத் தெரியும், அதை வச்சுத்தான் நானும் சித்தப்பா பையனும் கிளம்பிப் போனோம்.

போனதும் கல்லு கல்லா தேட ஆரம்பிக்காம முதல்ல அந்த இடத்தைப் பார்த்துக்கிற பெரியவர்கிட்ட அடக்கப் பதிவேடு இருக்கான்னு கேட்டோம். எடுத்துக் காட்டினார், பேரும் தேதியும் இருந்துச்சு, எந்த இடம்னு இல்ல. ஆனா அதே குடும்பத்துப் பேரு இருக்கிற வேற ஒரு கல்லு எந்த வரிசைன்னு அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. பெரும்பாலும் சொந்தக்காரங்களைப் பக்கத்துல பக்கத்துலதான் புதைப்பாங்க, அதனால ஒருத்தர் கிடைச்சா சுத்தி இருக்கிறதை எல்லாம் விடாம பார்க்கணும்.

அங்க இருந்தது சுண்ணாம்புக்கல்லு. அதுவும் மார்பிளும் மழையில கொஞ்சம் கொஞ்சமா கரையும், கருங்கல்லு மாதிரி தாங்காது. உச்சி வெயில்ல பார்த்தா ஒரு எழுத்து தெரியல, வெறும் கல்லுதான். சாயங்காலம் வெயில் சாய்ஞ்சு பக்கவாட்டுல விழுந்தப்போதான் வெட்டின எழுத்துக்குள்ள நிழல் விழுந்து வரி வரியா தெரிஞ்சுது, அப்பவும் வருஷத்துல இருக்கிறது 3ஆ 8ஆன்னு குழப்பம், தம்பி கண்ணாடி ஒண்ணை வச்சு வெளிச்சத்தை ஓரத்துல இருந்து அடிச்சப்போ 8தான்னு தெளிவாச்சு. நிழலா இருந்தா போன் டார்ச்சை கல்லோட ஒட்டினாப்ல பக்கத்துல பிடிச்சாலும் தெரியும். வயசை வருஷம், மாசம், நாள்னு போட்டிருந்தாங்க, இறந்த தேதில இருந்து கழிச்சா பிறந்த தேதியே கிடைச்சிடுது (ஒரு நாள் முன்ன பின்ன வரலாம்).

தயவுசெஞ்சு ஷேவிங் க்ரீம், சாக்பீஸ், ப்ளீச், கம்பி பிரஷ் எதுவும் போடாதீங்க. க்ரீம் கல்லோட துளைக்குள்ள போய் தங்கிடும், கம்பி பிரஷ்ஷுக்கு எழுத்தே பொடியா உதிரும். கல்லு திடமா இருந்தா வெறும் தண்ணியும் மெத்துனு இருக்கிற பிரஷ்ஷும் போதும், உதிர்ற கல்லுன்னா தொடவே வேண்டாம், போட்டோ மட்டும் எடுங்க.

கொள்ளுப்பாட்டி கல்லுக்குப் பக்கத்துலயே முழங்கால் உயரம் கூட இல்லாத ஒரு சின்னக் கல்லு. அதே குடும்பப் பேரு, பிறந்ததும் இறந்ததும் ஒரே வாரத்துக்குள்ள. தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்காங்க, எங்க வீட்ல ஒருத்தரும் சொன்னதே இல்ல! அத்தைக்கு போன்ல சொன்னப்போ அவங்களால பேசவே முடியல. அந்தக் குழந்தை பேரை இப்ப எங்க வம்சாவளில சேர்த்தாச்சு.

ரெண்டு கல்லோட போட்டோவையும் ஃபைண்ட் எ கிரேவ்ங்கிற கல்லறைத் தகவல் வெப்சைட்ல ஏத்தியிருக்கேன், அதே மாதிரி இருக்கிற பில்லியன் கிரேவ்ஸ் ஆப்ல எடுத்தா ஜிபிஎஸ் இடமும் சேர்ந்தே பதிவாகும், அடுத்து தேடி வர்றவங்களுக்கு ரொம்ப உதவும். அதே வரிசையில ஒரு பெரிய கல்லு குப்புற விழுந்து கிடக்கு, கொள்ளுத்தாத்தாவோடதா இருக்கும்னு நினைக்கிறோம். அந்த வெயிட்டை நாமளே நிமிர்த்தப் போனா கல்லும் உடையும் கையும் நசுங்கும். அதனால பெரியவர் மூலமா அனுமதி கேட்டிருக்கோம், கிடைச்சதும் விவரம் தெரிஞ்ச ஆளுங்களோட திரும்பப் போறோம்.