லாவோஸ் போய் வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கமுங்க. கோபியிலிருந்து நானும் தம்பியும் டிசம்பரில் லாவோஸ் போகிறோம், ஏஜென்ட் இல்லாமல், கையைக் கடிக்காத செலவில். பாங்காக்கில் இரவு ரயில் ஏறி தாய்லாந்து எல்லை ஊரான நோங்காய், மீகாங் ஆற்றுப் பாலம் தாண்டினால் லாவோஸ் தலைநகர் வியந்தியான், அங்கிருந்து 2021-ல் திறந்த புது ரயிலில் லுவாங் பிரபாங் என்பது வரை முடிவாகிவிட்டது. அப்புறம்தான் குழப்பம். எனக்கு ஆசையெல்லாம் தெற்கே போலவென் மேட்டுநிலத்துக் காப்பித் தோட்டங்கள் மேல்தான். அதுக்குப் பக்கத்து ஊரான பாக்சேயில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா, இல்லை முன்பணம் கட்டினால் போதுமா? தம்பி சுத்த சைவமுங்க. அங்கே சாலட்டுக்குப் பப்பாளிக்காயை உரலில் இடிக்கும்போதே மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள், மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோற்றை வெறுமனே எத்தனை வேளை தின்பான் பாவம், வீட்டுப் பருப்புப்பொடியைக் கட்டிக்கொண்டு போகலாமா? கிப் பணம் எங்கே மாற்றினால் கட்டுப்படியாகும் என்றும் சொல்லுங்கண்ணா.